சுவிட்ச் தட்டியதிலிருந்து ஃபோர்ட்ரான் வரை: எந்த வேலை மனிதன் கையைவிட்டுப் போனது?

#1 | உருளைநினைவு

"இயந்திர மொழி கடினம், அதனால் அசெம்ப்ளி (எண்ணுக்குப் பதில் சுருக்கச் சொல்லில் எழுதுவது) வந்தது, அதுவும் கடினம், அதனால் உயர்நிலை மொழி வந்தது" என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. கடினம் என்றால் எது கடினம்? எண்களைப் படிப்பதா? அது ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். பழகாதது கணக்கு வைப்பது. எந்தக் கட்டளை எந்த முகவரியில் இருக்கிறது, எந்த எண்ணை எங்கே வைத்தோம், சப்ரூட்டின் (வேண்டியபோது அழைக்கும் துணைநிரல்) முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்கிற கணக்குப்பிள்ளை வேலை. அதை ஒவ்வொன்றாக இயந்திரத்தின் தலையில் கட்டியதுதான் நிரல்மொழிகளின் வரலாறு என்பது என் கட்சி.

1975-இல் வந்த ஆல்டேர் 8800 என்ற சிறுகணினியை எடுத்துக்கொள்வோம். இன்டெல் 8080 சிப், 256 பைட் நினைவகம், முன்பக்கம் சுவிட்சும் விளக்கும் மட்டும். 7 × 6 கணக்கிடும் நிரல் இது, ஆறை ஏழு முறை கூட்டுகிறது. ஏ, பி, சி என்பவை ரெஜிஸ்டர்கள், அதாவது சிப்புக்குள்ளேயே எண் வைக்கும் இடங்கள். முகவரிகளும் கட்டளைகளும் எண்ணடி (எட்டை அடியாகக் கொண்ட) முறையில், அதாவது 007-க்கு அடுத்தது 010.

000: 076 000 (ஏ-யில் 0 போடு)
002: 006 007 (பி-யில் 7)
004: 016 006 (சி-யில் 6)
006: 201 (ஏ-யுடன் சி-யைக் கூட்டு)
007: 005 (பி-யில் ஒன்று குறை)
010: 302 006 000 (விடை சுழி இல்லையென்றால் 006-க்குப் போ)
013: 062 200 000 (ஏ-யை முகவரி 200-இல் வை)
016: 303 016 000 (இங்கேயே சுற்று)

மொத்தம் 17 பைட். எல்லா முகவரி சுவிட்சையும் கீழே இறக்கி "எக்ஸாமின்" (அந்த முகவரியைக் காட்டு) தட்ட வேண்டும். பிறகு வலப்பக்க எட்டு சுவிட்சில் 076 வைத்து "டெபாசிட்" (அங்கே எழுது). மீதி 16 பைட்டுக்கும் எட்டு சுவிட்சை மாற்றி மாற்றி வைத்து "டெபாசிட் நெக்ஸ்ட்". முடிந்ததும் மறுபடி 000-க்கு வந்து, "எக்ஸாமின் நெக்ஸ்ட்" தட்டி ஒவ்வொரு பைட்டாக விளக்கைச் சரிபார்க்க வேண்டும். பிறகு 000-ஐ எக்ஸாமின் செய்து ரன், அடுத்து ஸ்டாப். முகவரி சுவிட்சுகளில் ஏ7-ஐ மட்டும் (அதாவது எண்ணடி 200) உயர்த்தி எக்ஸாமின் செய்தால் தரவு விளக்குகள் 00 101 010 என்று எரியும். எண்ணடியில் 052, நம் கணக்கில் 42. ஏ ரெஜிஸ்டருக்குத் தனி விளக்கு கிடையாது. அதனால்தான் விடையை நினைவகத்தில் இறக்கிவைக்கிறோம்.

#2 | கீழ்பைட்

302-க்கு அப்புறம் 006 000ன்னு இருக்கே, முகவரி 000 006 தானே? தட்டச்சுப் பிழையா?

#3 | உருளைநினைவு

பிழை இல்லை. 8080-இல் முகவரியின் கீழ்பைட் முதலில் வரும், மேல்பைட் பின்னால். உங்கள் பெயரே அதுதானே!

#4 | இருகடவை

எண்ணடி முறையில் எழுதியது நல்ல வேலை. 8080 கட்டளைகளின் உள்கட்டு அதில்தான் பளிச்சென்று தெரியும். பி=0, சி=1, டி=2, இ=3, எச்=4, எல்=5, நினைவகம்=6, ஏ=7. "ரெஜிஸ்டரில் எண்ணைப் போடு" என்பதன் வடிவம் 0-ரெஜிஸ்டர்-6. ஆகவே ஏ-க்கு 076, பி-க்கு 006, சி-க்கு 016. கூட்டல் 20-ரெஜிஸ்டர். நகல் எடுப்பது 1-எங்கே-எங்கிருந்து. அந்தக் கணக்கில் 166 என்றால் "நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நகல்" என்று வரவேண்டும். அப்படி ஒரு வேலை அந்த சிப்புக்கு முடியாது. காலியாக இருந்த அந்த இடத்தைத்தான் "நில்" கட்டளைக்குக் கொடுத்தார்கள்.

இனி வலி எங்கே என்று பார்ப்போம். 004-க்கு முன்னால் ஒரே ஒரு பைட் கட்டளை சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். அதற்குப் பின்னுள்ள 13 பைட்டையும் மறுபடி தட்ட வேண்டும். அது உடல் உழைப்புதான், போகட்டும். ஆனால் 302 006 000-இல் உள்ள 006 இனி 007 ஆக வேண்டும். 303 016 000-இல் உள்ள 016 இனி 017. 062-க்குப் பின்னுள்ள 200 மட்டும் மாறக்கூடாது, ஏனென்றால் அது தரவின் முகவரி. எது நகரும், எது நகராது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 004-இல் இருக்கும் 006 வெறும் ஆறு, 010-இல் இருக்கும் 006 ஒரு முகவரி. இரண்டும் ஒரே பிட்கள்.

அசெம்ப்ளர் (அசெம்ப்ளியை இயந்திர எண்களாக மாற்றும் நிரல்) தீர்த்தது இதைத்தான். 076-க்குப் பதில் எம்விஐ என்று எழுதலாம் என்பது மேல்பூச்சு. லேபிள்தான் சரக்கு. இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் எண்ணை அது பார்த்துக்கொள்ளும்.

#5 | தொடக்கநிலை

அசெம்ப்ளர் மூலத்தை இரண்டு முறை படிக்கும் என்கிறார்களே, இரண்டு கடவை ஏன் வேண்டும்? படிக்கப் படிக்கவே மாற்றிவிடலாமே.

#6 | இருகடவை

பின்னால் இருக்கும் லேபிளுக்குத் தாவினால் சிக்கல் இல்லை, அதன் முகவரி ஏற்கெனவே தெரியும். முன்னால் வரப்போகும் லேபிளுக்குத் தாவினால்? அந்த நொடியில் முகவரி தெரியாது. அதனால் முதல் கடவையில் ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை பைட் என்று மட்டும் எண்ணி, லேபிள்-முகவரி அட்டவணை போடுவது. இரண்டாம் கடவையில் கட்டளைகளை வெளியிடுவது. ஒரே கடவையில் செய்ய வேண்டுமென்றால் தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, பட்டியலில் குறித்துக்கொண்டு, லேபிள் வந்ததும் திரும்பிப் போய் நிரப்ப வேண்டும். காகித நாடாவில் ஏற்கெனவே துளை போட்டாகிவிட்டது என்றால் திரும்பிப் போக வழியில்லை. அதனால் மூல நாடாவை இரண்டு முறை ஓட்டுவதே வழக்கமானது.

#7 | வெற்றிடக்குழாய்

ஆல்டேரில் தொடங்கினால் காலவரிசை தலைகீழாகப் போய்விடும். 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி முதல் நிரலை ஓட்டியபோதே யாரும் அதில் 0, 1 தட்டவில்லை. டேவிட் வீலர் எழுதிய 31 தொடக்கக் கட்டளைகள் தொலைபேசி நிலையத்துச் சுழல்சுவிட்சுகளில் கம்பியாகவே கட்டப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தினால் அவை நினைவகத்தில் ஏறி, நாடாவிலிருந்து ஓர் எழுத்தும் ஒரு பதின்ம முகவரியுமாகப் படித்து இருமக் கட்டளையாக மாற்றும். அசெம்ப்ளரின் கரு அது. ஆல்டேர்க்காரர்கள் 26 ஆண்டு கழித்து அதற்கும் முந்தைய கட்டத்துக்குப் போனார்கள், விலை மலிவுக்காக!

#8 | உருளைநினைவு

ஒப்புக்கொள்கிறேன். வரிசை முக்கியமில்லை, வேலை எங்கே கைமாறியது என்பதுதான் முக்கியம். பெயருக்கேற்ப ஓர் உருளைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஐபிஎம் 650 (1954): நினைவகம் காந்த உருளை, 2000 சொற்கள், ஒரு சுற்றுப் பட்டையில் 50 சொற்கள். நிமிடத்துக்கு 12,500 சுற்று. ஒரு சுற்றுக்கு 4.8 மில்லி நொடி, ஒரு சொல் தலைக்கு அடியில் கடந்துபோக 0.096 மில்லி நொடி. கட்டளையை முடித்துவிட்டு அடுத்த முகவரியைப் பார்த்தால் அது இப்போதுதான் தலையைக் கடந்து போயிருக்கும். இன்னொரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு கட்டளையிலும் "அடுத்த கட்டளை எங்கே" என்ற முகவரியும் சேர்ந்தே இருக்கும். பத்து இலக்கம்: செயல் 2, தரவு முகவரி 4, அடுத்த கட்டளையின் முகவரி 4. கட்டளை முடிய எத்தனை சொல் நேரம் ஆகும் என்று எண்ணி, சரியாக அந்த இடத்தில் அடுத்ததை வைக்க வேண்டும். நல்ல இடத்தை ஏற்கெனவே வேறு கட்டளை பிடித்திருந்தால் அதற்கு அடுத்த நல்ல இடம். கையால் இதைச் செய்தவர்கள் 2000 கட்டம் போட்ட தாளில் அடித்து அடித்து எழுதினார்கள். 1955-இல் வந்த சோப் என்ற அசெம்ப்ளர் அந்த இடம் தேடும் வேலையை எடுத்துக்கொண்டது. "அசெம்ப்ளர் என்றால் ஒன்றுக்கு ஒன்று மொழிபெயர்ப்பு, மூளை கம்பைலருக்கு (உயர்நிலை மொழியை இயந்திர மொழியாக்கும் நிரலுக்கு) மட்டும்" என்பவர்கள் சோப்பைப் பார்க்க வேண்டும்.

#9 | வெற்றிடக்குழாய்

திரும்பும் முகவரி பற்றி முதல் பதிவில் ஒரு சொல் போட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள். எனக்குப் பிடித்த இடமே அதுதான். எட்சாக்கில் "சப்ரூட்டினுக்குப் போய்த் திரும்பு" என்ற கட்டளையே கிடையாது. வீலர் செய்த தந்திரம் இது:

முகவரி 100: ஏ 100
முகவரி 101: ஜி 200

"ஏ" என்றால் அந்த முகவரியில் உள்ளதைத் திரட்டியில் (கணக்கு நடக்கும் ரெஜிஸ்டரில்) கூட்டு. முகவரி 100-இல் இருப்பது அந்தக் கட்டளையேதான்! ஆக கட்டளை தன்னையே தூக்கித் திரட்டியில் போட்டுக்கொள்கிறது. "ஏ" எழுத்தின் ஐந்து பிட் குறி 11100. முதல் பிட் 1, ஆகவே திரட்டியில் இருப்பது குறை எண். "ஜி" என்றால் குறை எண்ணாக இருந்தால் தாவு. தாவிவிடும், சப்ரூட்டின் 200-இல் தொடங்குகிறது:

முகவரி 200: ஏ 3
முகவரி 201: டி 230

முகவரி 3-இல் "யூ 2" என்ற மாறிலி எப்போதும் இருக்கும். ஏ-யின் குறி 28, யூ-வின் குறி 7. கூட்டினால் 35. ஐந்து பிட்டுக்கு மேல் வழிந்த 32 தொலைய, மிச்சம் 3. அது "இ" எழுத்தின் குறி. முகவரிப் பகுதியில் 100 + 2 = 102. ஆக இப்போது திரட்டியில் "இ 102" என்ற புத்தம்புதுக் கட்டளை பிறந்திருக்கிறது: திரட்டி குறை எண் இல்லையென்றால் 102-க்குத் தாவு. "டி 230" அதைச் சப்ரூட்டினின் கடைசி இடத்தில் நட்டுவிட்டுத் திரட்டியைச் சுழியாக்குகிறது. வேலை முடிந்து 230-க்கு வந்தால் நேரே 102.

எங்கே தவறும்? அழைப்பதற்கு முன் திரட்டியில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது கட்டளையோடு கூடி, "இ 102"-க்குப் பதில் எதுவோ பிறக்கும். வெளியேறும்போது திரட்டி குறை எண்ணாக இருந்தால் "இ" தாவாமல் அடுத்த சப்ரூட்டினுக்குள் வழுக்கி விழும். இரண்டையும் கவனிக்க வேண்டியது நிரல் எழுதுபவர்.

#10 | தொடக்கநிலை

அருமை. ஆனால் முதல் கம்பைலர் கிரேஸ் ஹாப்பர் 1952-இல் எழுதிய ஏ-0 தானே? அதற்கு ஏன் யாரும் வரவில்லை?

#11 | இருகடவை

"கம்பைல்" என்ற சொல்லை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் யூனிவாக் கணினியில் ஓடிய ஏ-0 சூத்திரங்களைப் படித்ததில்லை. சப்ரூட்டின்களின் அழைப்பு எண்களையும் தரவையும் கொடுத்தால், நாடாவிலிருந்து அவற்றைப் பொறுக்கி, முகவரிகளைத் திருத்தி, ஒன்றாகத் தொகுத்துக் கொடுக்கும். தொகுப்பது என்ற அசல் பொருளில் கம்பைலர். இன்றைய பேச்சில் லிங்கர், லோடர். அவருடைய பெரிய தாக்கம் ஃப்ளோ-மேட்டிக் மொழி வழியாக கோபால் (COBOL) மொழிக்குப் போனது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் ஆர்சிஏ 501-இலும் யூனிவாக் 2-இலும் ஓடிக்காட்டியது. வேறு வேறு கம்பெனி இயந்திரங்கள். இயந்திரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப எழுது என்ற நிலை அங்கே ஆட்டம் கண்டது.

சூத்திரத்தைப் படிக்கும் வேலைக்கு வந்தால் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் மொழிக்கு முன்பே ஆள் உண்டு. 1952-இல் மான்செஸ்டரில் அலிக் கிளெனியின் ஆட்டோகோடு, பிறகு எம்ஐடியின் வேர்ல்விண்டில் லேனிங், சியர்லர் இருவரின் முறை.

#12 | மூன்றுகுறியீட்டி

ஃபோர்ட்ரான் ஏன் 1957-இல் வந்தது, 1953-இல் ஏன் வரவில்லை என்று யோசித்தால் ஒரு வன்பொருள் காரணம் கிடைக்கும். ஐபிஎம் 701-இல் மிதவைப்புள்ளிக் கணக்கு (புள்ளி வைத்த எண்களின் கணக்கு) வன்பொருளில் இல்லை, எல்லாம் சப்ரூட்டின். பின்னாளில் ஃபோர்ட்ரான் குழுவை நடத்திய ஜான் பேக்கஸின் ஸ்பீட்கோடிங் ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டும்போதே பிரித்துப் பார்த்து நடத்தியது. மந்தம்தான், ஆனால் நேரத்தின் பெரும்பங்கை மிதவைப்புள்ளி சப்ரூட்டினே தின்றதால் அந்த மந்தம் உறுத்தவில்லை. அடுத்து வந்த ஐபிஎம் 704 மிதவைப்புள்ளியையும் குறியீட்டு ரெஜிஸ்டரையும் (பட்டியலில் எத்தனையாவது என்று எண்ணுவது) வன்பொருளில் கொண்டுவந்ததும் மூடியிருந்த போர்வை விலகிவிட்டது. இனி முன்கூட்டியே மொழிபெயர்த்தாக வேண்டும், அதுவும் கைதேர்ந்தவர் எழுதும் வேகத்துக்கு. இல்லையென்றால் யாரும் சீண்டமாட்டார்கள்.

கூட்டலுக்கு முன் பெருக்கல் என்ற முன்னுரிமையை அவர்கள் கையாண்ட விதம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அழகு. சூத்திரம் முழுவதும் அடைப்புக்குறிகளைத் தெளித்துவிடுவது:

+ வந்தால் ))+(( என்று மாற்று. * வந்தால் )*( என்று மாற்று. தொடக்கத்தில் ((, முடிவில் )) போடு.

அ+ஆ*இ என்று கொடுத்தால் ((அ))+((ஆ)*(இ)) என்று வரும். தாளில் போட்டுப் பாருங்கள். பெருக்கல் தானாக ஒரு கூட்டுக்குள் அடங்கிவிடும். பிறகு அடைப்புக்குறிகளை உள்ளிருந்து வெளியே அவிழ்த்தால் போதும்.

இதைவிடக் கடினமானது ரெஜிஸ்டர் பங்கீடு. 704-இல் குறியீட்டு ரெஜிஸ்டர் மூன்றே மூன்று. கம்பைலரின் முற்பகுதிகள் எத்தனை வேண்டுமானாலும் இருப்பதாகப் பாவித்துக் கட்டளைகளை எழுதும். லாயிஸ் ஹைப்ட் எழுதிய நான்காம் பகுதி, நிரலின் கிளைகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு ஓட்டிப்பார்த்து, எந்தப் பகுதி அதிகம் ஓடும் என்று மதிப்பிடும். ஐந்தாம் பகுதி அதை வைத்து, அதிகம் ஓடும் லூப்புகளுக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிகளுக்கு) முதல் பந்தி என்று மூன்றையும் பங்கிடும்.

#13 | கீழ்பைட்

ஒரு கமாவுக்குப் பதில் புள்ளி போட்டதால மாரினர் 1 ராக்கெட் போச்சுன்னு சொல்றது ஃபோர்ட்ரான்லதானே?

#14 | மூன்றுகுறியீட்டி

இரண்டு சம்பவங்களைச் சேர்த்துக் கட்டிய கதை அது. 1962 ஜூலை 22-இல் மாரினர் 1 போனதற்கு வழிகாட்டல் சமன்பாட்டை எழுதிக்கொடுத்தபோது ஒரு குறியின் தலைமேல் இருக்க வேண்டிய கோடு விடுபட்டதும், ரேடார் தொடர்பில் வந்த கோளாறும் காரணம். ஃபோர்ட்ரானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கமாக் கதை நாசாவின் மெர்குரி திட்டத்தின் ஒரு நிரலில் கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது.

ஆனால் அந்தப் பிழை எப்படிச் சாத்தியம் என்பது தெரிந்துகொள்ள வேண்டியது. "டூ 10 ஐ = 1,10" என்றால் ஐ-யை 1 முதல் 10 வரை மாற்றி ஓட்டும் லூப். கமா புள்ளியாகிவிட்டால் "டூ 10 ஐ = 1.10". அந்தக் கால ஃபோர்ட்ரான் இடைவெளிகளைக் கண்டுகொள்ளாது. ஆகவே "டூ10ஐ" என்ற மாறிக்கு 1.10 என்ற மதிப்பு. மாறியை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்பதால் கம்பைலரும் வாய் திறக்காது. லூப் ஒரே முறை ஓடிவிட்டுப் போய்விடும். தளர்வு ஒன்று மட்டும் இருந்திருந்தால் பிழை பிடிபட்டிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் தப்பிவிட்டது.

நிரலைக் குத்தும் அட்டையின் 80 பத்திகளில் 72 மட்டும் நிரலுக்கு என்பதும் 704-இன் வாரிசுரிமை. அதன் அட்டைப் படிப்பான் ஒரு வரியை 36 பிட் சொற்கள் இரண்டாகப் படித்தது. 36 + 36 = 72. மீதி எட்டில் வரிசை எண் குத்தி வைத்தார்கள்.

#15 | வெற்றிடக்குழாய்

இப்போது #9-க்குத் திரும்புகிறேன். வீலர் தாவலில் திரும்பும் கட்டளை சப்ரூட்டினின் உடம்புக்குள்ளேயே நடப்படுகிறது. சப்ரூட்டின் தன்னையே அழைத்தால்? 230-இல் இருந்த பழைய "இ 102" அழிந்து, உள் அழைப்பின் திரும்பும் கட்டளை உட்காரும். உள் அழைப்பு சரியாகத் திரும்பும். வெளி அழைப்பு முடியும்போதும் அதே இடத்துக்குத்தான் போகும், மறுபடி மறுபடி. முடிவே இல்லை.

1958-இல் ஃபோர்ட்ரான் 2 சப்ரூட்டின்களைக் கொண்டுவந்தபோதும் திரும்பும் முகவரிக்கும் உள் மாறிகளுக்கும் சப்ரூட்டினுக்கு ஒன்று என்று நிலையான இடம்தான். எனவே தன்னழைப்பு கூடாது. அல்கால் 60 என்ற மொழி அதை அனுமதித்தது. அதன்பின் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய ஏடு தேவை: திரும்பும் முகவரி, உள் மாறிகள் எல்லாம் அதில். ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முடிந்ததை மேலிருந்து எடுப்பதுதான் ஸ்டேக். டெய்க்ஸ்ட்ராவும் சோன்னவெல்டும் எக்ஸ்1 இயந்திரத்துக்கு எழுதிய அல்கால் கம்பைலர் 1960 ஆகஸ்டில் இதை ஓட்டிக்காட்டியது.

#16 | தொடக்கநிலை

சி மொழியின் ++ (ஒன்று கூட்டு என்ற குறி) பிடிபி-11 கணினியின் தானியங்கிக் கூட்டலிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் கதையா?

#17 | இருகடவை

கதைதான். கென் தாம்சன் சியின் முன்னோடியான பி மொழியில் ++ வைத்தபோது பிடிபி-11 வந்திருக்கவில்லை. பிடிபி-11 வேறு விதத்தில் சியைப் பாதித்தது. பி மொழியில் வகை என்று எதுவும் இல்லை, எல்லாம் ஒரு சொல். பிடிபி-7-இல் முகவரி என்றாலே சொல்லின் முகவரி, அதனால் ஓடியது. பிடிபி-11-இல் ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி உண்டு. சுட்டியை (முகவரி வைத்திருக்கும் மாறியை) ஒன்று கூட்டினால் அடுத்த எழுத்தா, இரண்டு பைட் தாண்டி அடுத்த முழு எண்ணா? சுட்டி எதைச் சுட்டுகிறது என்று கம்பைலருக்குத் தெரிந்தால்தான் சொல்ல முடியும். டென்னிஸ் ரிட்சி வகைகளைச் சேர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1973-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கருவே சியில் எழுதப்பட்டது.

#18 | ஆனால்முடி

ஆங்கிலம் போல இருப்பதுதான் உயர்நிலை என்ற எண்ணம் இந்த இழையில் நன்றாகவே உடைந்துவிட்டது. ஒரு சிறு குறிப்பு: தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் எழில் மொழியில் நிபந்தனையை முதலில் அடைப்புக்குள் எழுதிவிட்டு அதற்குப் பிறகுதான் "ஆனால்" வரும். கட்டுப்பாட்டுச் சொல் பின்னால் வருவது தமிழ் வாக்கியத்தின் போக்கு. சொற்களை மட்டும் தமிழாக்கி ஆங்கில வரிசையை அப்படியே வைத்திருந்தால் நாக்கில் இடறும். அடியில் ஓடுவது பைதான்தான். கணக்குப்பிள்ளை வேலை முழுக்க அங்கே.

#19 | கீழ்பைட்

முதல் பதிவு நிரல்ல பி-யில 7-க்குப் பதிலா 0 போட்டா என்ன ஆகும்? 0 × 6 = 0 வரணும். ஆனா முதல்ல கூட்டிட்டு அப்புறம்தானே சோதிக்குது?

#20 | உருளைநினைவு

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். முதல் கூட்டலுக்குப் பின் பி-யில் ஒன்று குறைத்தால் 0 என்பது 255 ஆகும், சுழி இல்லை, தாவும். மொத்தம் 256 முறை சுற்றும். 256 × 6 = 1536, எட்டு பிட்டில் மிச்சம் 0. விடை சரி, தற்செயலாக! சி-யில் எந்த எண் இருந்தாலும் இதே கதைதான். நேரம் மட்டும் வீண்: ஒரு சுற்றுக்கு 4 + 5 + 10 = 19 கடிகாரத் துடிப்பு, 256 சுற்றுக்கு 4864, 2 மெகாஹெர்ட்ஸில் 2.4 மில்லி நொடி. ஆனால் அந்த லூப் வெறுமனே கூட்டாமல் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்தில் ஒரு பைட் எழுதிக்கொண்டிருந்தால் 256 பைட்டும் நாசம், நிரல் உட்பட.

#21 | மூன்றுகுறியீட்டி

அதே பழக்கம் ஃபோர்ட்ரானிலும் இருந்தது. 704-இல் லூப்பின் சோதனையை அடியில் வைப்பதுதான் சிக்கனம், அதனால் "டூ" லூப் எப்படியும் ஒருமுறை ஓடிவிடும். மேல்வரம்பு தொடக்கத்தைவிடக் குறைவாக இருந்தாலும்தான். பிற்காலக் கம்பைலர்கள் பலவும் அதையே பின்பற்றின. ஒருமுறைகூட ஓடாமல் தாண்டலாம் என்று தரம் சொன்னது ஃபோர்ட்ரான் 77-இல், அது ஏற்கப்பட்டது 1978-இல். பழைய நிரல்களில் லூப்புக்கு முன்னால் தனியாக ஒரு "இஃப்" நிற்பதைப் பார்த்தால் அதைத் தேவையில்லை என்று நீக்கிவிடாதீர்கள். பழைய விதிப்படி ஓட்டும் விருப்பத்தோடு கம்பைல் செய்தால், அந்த "இஃப்"தான் இன்னும் காவல் காக்கிறது.